குழியில் ஆள் இல்லை

குழியில் விழாமல் இருப்பது எப்படி என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது வேதமுத்து குழியில் விழுந்தார்.

தடுப்புக் கம்பியில் சாயக் கூடாது என்று சொன்னார். சாய்ந்தால் என்ன ஆகும் என்று காட்ட லேசாகச் சாய்ந்தார். கம்பி கழன்றது. தலைக்கவசம் கழலவில்லை. தாடைப் பட்டையைச் சரியாக மாட்டியிருக்கிறோம் என்பதை விழும்போதே அவர் கவனித்தார். நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி அவர். வேறு எதைக் கவனித்திருந்தாலும் அவருக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

குழி இரண்டு மீட்டர் அகலம், ஐம்பது மீட்டர் ஆழம். வடசென்னையில் கடலை ஒட்டிய மணலில், நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றின் அஸ்திவாரத்துக்காகத் தோண்டியது. கம்பிக்கூட்டை ஆழத்தில் இறக்கியாகிவிட்டது. கான்கிரீட் ஊற்றும் குழாயையும் அடிவரை விட்டாயிற்று. மணல் சரியாமல் இருக்க விளிம்புவரை திரவம் நிரப்பியிருந்தார்கள். அதில் வேதமுத்து மார்புவரை இறங்கினார். அப்புறம் இறங்கவில்லை. காலுக்குக் கீழே எதுவும் இல்லை. ஆனாலும் நின்றார்.

புதியவர்களில் ஒருவர் கை தட்டினார். பயிற்சியின் பகுதி என்று நினைத்திருக்க வேண்டும்.

அக்குளுக்கடியில் பட்டை கட்டி கிரேனால் இழுத்தார்கள். அவர் ஒரு சாண் உயர்ந்தார். அதே நேரத்தில் பக்கத்திலிருந்த அலைமகள் குடியிருப்பின் மாடிப்படிச் சுவரில் தரையிலிருந்து மொட்டைமாடிவரை ஒரு விரிசல் ஓடியது. இரண்டாம் மாடியில் குக்கர் கீழே விழுந்தது. கிரேனைத் தளர்த்தினார்கள். அவர் ஒரு சாண் இறங்கினார். விரிசல் மூடிக்கொண்டது. தற்செயலாக இருக்குமோ என்று இன்னொரு முறை இழுத்தார்கள். தற்செயல் இல்லை.

திரவத்துக்குப் பொறுப்பான ஹசீனா புனலோடு வந்தாள். புனலின் வாயை விரலால் அடைத்து, குழியில் மொண்டு, விரலை எடுத்து, திரவம் ஒழுகி முடிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தாள். இரண்டாவது தடவையும் பார்த்தாள். பிறகு விளிம்பில் குந்தி உட்கார்ந்தாள்.

“சார், பழைய திரவம் வெறும் கொழகொழ தண்ணி. மணல் மேல சாய்ஞ்சு நிக்கும், அவ்வளவுதான். இது புது பாலிமர். இதுல இருக்கிற இழை ஒவ்வொண்ணும் எது விழப்போகுதுன்னு தேடும். தேடிப் போய்ப் பிடிச்சுக்கும். எவ்வளவு அழுத்தணும்னு அதுவே கத்துக்கும்.”

“என்னையும் பிடிச்சிருக்கு.”

“ஆமா சார்.”

“நான் மண்ணு இல்லையேம்மா.”

“அது அதுக்குத் தெரியாது சார்.”

தெரியாமல் போனதற்கு அவள் சொன்ன காரணம் இது. இந்தத் திரவத்தைக் கலக்கியதும் முதலில் அதில் மண் மட்டும்தான் படவேண்டும். எதைத் தாங்க வேண்டும் என்பதை அப்போதுதான் அது கற்கிறது. முதல் குழிக்குப் பூஜை போட்ட அன்று மண்ணுக்கு முன்னால் ஆரத்தித் தண்ணீர் உள்ளே போயிற்று. பிறகு பால், எலுமிச்சம்பழம், ஒன்பது வகைத் தானியம், கடைசியில் உடைத்த பூசணிக்காய். வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் கையில் கற்பூரத் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். விழுவது எதுவானாலும் தாங்க வேண்டும் என்று திரவம் புரிந்துகொண்டது. அதே திரவத்தைத்தான் குழிக்குக் குழி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

வேதமுத்துவுக்கு அந்தப் பூஜை நினைவிருந்தது. பூசாரியைத் தலைக்கவசம் போட வைத்தவர் அவர்தான்.

“இப்ப அது உங்களையும் சுவரையும் ஒண்ணா பிடிச்சிருக்கு. உங்களை இழுத்தா சுவரும் வரும். சுவர் வந்தா பக்கத்து பில்டிங் வரும்.”

பிளீச்சிங் பவுடர் போட்டால் இழையெல்லாம் அறுந்து திரவம் தண்ணீராகிவிடும், அவர் வெளியே வந்துவிடலாம் என்றாள். கூடவே அலைமகள் குடியிருப்பும் குழிக்குள் வந்துவிடலாம். ஆக, ஒரே வழி கான்கிரீட். அடியிலிருந்து கான்கிரீட் ஏற ஏறத் திரவம் மேலே வழியும். திரவத்தோடு அவரும் வருவார். அது விட்ட இடத்தைக் கான்கிரீட் பிடித்துக்கொள்ளும்.

வேதமுத்து எதிரே பார்த்தார். மஞ்சள் பலகை ஒன்று இருந்தது. குழியில் ஆள் இருக்கும்போது கான்கிரீட் ஊற்றக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. பலகையை அங்கே வைத்தது அவர். ஒவ்வொரு குழிக்கும் கான்கிரீட் ஊற்றுமுன் அவர் அனுமதி தர வேண்டும். அனுமதியின் வாசகம் மூன்றே சொல். குழியில் ஆள் இல்லை. அதன் கீழ் அவர் கையெழுத்து.

சைட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்த மோகனரங்கம் குளிர்சாதன அறையிலிருந்து வந்து பார்த்தார். அனுமதித் தாளைத் தன் கையாலேயே கொண்டுவந்திருந்தார்.

“ஒரு கையெழுத்து சார். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்.”

“உள்ள நான் இருக்கேனே.”

“அது எல்லாருக்கும் தெரியும் சார்.”

“தெரிஞ்சுக்கிட்டே இல்லன்னு எப்படி எழுதுறது?”

வேறு பாதுகாப்பு அதிகாரியை வரவழைத்துக் கையெழுத்து வாங்கலாம் என்று வேதமுத்துவே யோசனை சொன்னார். அதற்கு அவர் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கத் தலைமை அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். மோகனரங்கம் தொலைபேசியில் கேட்டுப்பார்த்தார். நேரில் வர முடியாத அளவுக்கு என்ன வேலை என்று அங்கே கேட்டார்கள்.

அன்று அவர் தலைக்கு மேல் ஒரு பெரிய குடையைக் கட்டினார்கள்.

முதல் நாள் முடிவதற்குள் வேதமுத்து ஒன்றைக் கண்டுகொண்டார். முதுகு வலிக்கவில்லை. இருபது வருடமாக வலித்த முதுகு அது. திரவம் இடுப்பையும் முதுகையும் முழங்காலையும் தனித்தனியாக, எதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகத் தாங்கியது. நின்றபடியே தூங்கினார். மற்ற தேவைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. திரவம் அவற்றையும் பொறுத்துக்கொண்டது.

மறுநாள் அலைமகள் குடியிருப்பின் சங்கச் செயலாளர் துரைக்கண்ணு சண்டைக்கு வந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். விரிசலைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். எல்லோரும் குழியைக் காட்டினார்கள். இருபத்துநான்கு வீடுகளும் இப்போது யாரால் நிற்கின்றன என்பதை ஹசீனா விளக்கினாள். துரைக்கண்ணு படங்களை உறைக்குள் வைத்தார். வேதமுத்துவை வெகுநேரம் பார்த்தார்.

“சாப்பிட்டீங்களா சார்?” என்றார்.

அன்றிலிருந்து சாப்பாடு முறைவைத்து வந்தது. முதல் மாடியிலிருந்து இட்லி, இரண்டாம் மாடியிலிருந்து சாம்பார் சாதம், ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடியிலிருந்து வஞ்சிரம். குடியிருப்பில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் காலையில் நடைப்பயிற்சியை முடித்துவிட்டு வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். சர்க்கரையைக் கூட்டிவிடும் என்று பாயசத்தைத் திருப்பி அனுப்பினார். ஒருமுறை வேதமுத்து தும்மியபோது பன்னிரண்டு வீடுகளில் ஜன்னல் கண்ணாடி ஆடியது. அதற்குப் பிறகு ரசத்தில் மிளகு போடவில்லை. மாலையில் பெண்கள் பால்கனியில் நின்று அவர் திசையில் கும்பிட்டார்கள்.

வேதமுத்துவை இதற்குமுன் யாரும் இப்படிக் கவனித்ததில்லை. அவர் வந்தால் பீடியை அணைப்பார்கள், கவசத்தைத் தலையில் வைப்பார்கள், அவர் போனதும் கழற்றுவார்கள். அதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை.

கான்கிரீட் யோசனை துரைக்கண்ணுவின் காதுக்கு எட்டியது. நன்றாக நிற்கிற ஒன்றை எதற்காகக் கலைக்க வேண்டும் என்று சங்கம் கூடிப் பேசியது. நீதிமன்றத்துக்குப் போனார்கள். அடுத்த விசாரணைவரை ஊழியர் வேதமுத்து இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், அவரை அசைக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. அடுத்த விசாரணை எப்போது என்று அதில் இல்லை. உத்தரவின் நகலை ஒரு தட்டில் வைத்து, பழத்தோடு கொண்டுவந்து கொடுத்தார் துரைக்கண்ணு.

செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நாசரேத்திலிருந்து ஜெபமணி வந்தாள். வேதமுத்துவின் மனைவி. சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். நூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்துப் பழகியவள். யாரோ அவள் தலையில் கவசம் வைத்திருந்தார்கள். குழியின் விளிம்பில் பையை வைத்தாள்.

“எத்தனை நாளா இதுக்குள்ள நிக்கிய?”

வேதமுத்து சொன்னார்.

“போன்ல சைட்ல நிக்கேன்னுல்லா சொன்னிய.”

“சைட்லதான நிக்கேன்.”

அவள் குனிந்து அவர் நெற்றியைத் தொட்டுப்பார்த்தாள். பிறகு, வலிக்குதா என்று கேட்டாள். முதுகுவலி போய்விட்டது என்று அவர் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது.

“வீட்ல இருந்தா வலிக்கும். குழிக்குள்ள நின்னா வலிக்காது. அப்படித்தான?”

முப்பது வருடமாகக் கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள், ஈஸ்டருக்கு இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்த மனிதர் அவர். இந்த வருடத்தோடு வேலை முடிகிறது. பிறகு வீட்டிலேயே இருப்பதாகச் சொல்லியிருந்தார். அவளும் நம்பி, பின்கட்டில் ஒரு அறைக்கு ஓடு மாற்றி வைத்திருந்தாள். பால்கனியில் ஒரு பெண் அவரை நோக்கிக் கைகூப்பிக்கொண்டிருந்தாள். ஜெபமணி திரும்பி அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“நான் வீட்டுக்கு வரணும்” என்றார் வேதமுத்து. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவருக்கே தெரிந்தது.

ஜெபமணி ஹசீனாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வேறொருவர் உள்ளே இறங்கினால் இவரை அது விடுமா? விடும் என்றாள் ஹசீனா. இரண்டு சுவர் இருக்கும்போது ஒன்றை மெதுவாக எடுக்கலாம். திரவத்துக்கு ஆள் முக்கியமில்லை, உடம்பைத் தாங்கிப் பழகிவிட்டது, ஏதாவது ஓர் உடம்பு இருந்தால் போதும்.

ஜெபமணி நேராகத் துரைக்கண்ணுவிடம் போனாள். இருபத்துநான்கு வீடு. ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணி நேரம். வீட்டுக்கு ஒரு மணி நேரம் இறங்கி நின்றால் தீர்ந்தது. இந்தக் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை.

வாகன நிறுத்தத்தில் பொதுக்குழு கூடியது. அங்கே நடந்ததை ஹசீனா வந்து சொன்னாள். யோசனையை எல்லோரும் வரவேற்றார்கள். குடியிருப்பில் வாழ்கிறவர்தான் இறங்க வேண்டும் என்று வெளியூரில் இருந்த உரிமையாளர்கள் போனில் சொன்னார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கட்டடத்தைத் தாங்குவது பற்றி ஒன்றும் இல்லை, அது உரிமையாளர் செய்ய வேண்டிய பராமரிப்பு என்று வாடகைக்கு இருப்பவர்கள் சொன்னார்கள். டாக்டர் எல்லோருக்கும் இறங்கக் கூடாது என்று சான்றிதழ் தந்தார். தனக்கும் தந்துகொண்டார். கடைசியில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானம் மறுநாள் காலை நடந்து வந்தது. அதன் பெயர் காத்தவராயன். குடியிருப்பின் வாட்ச்மேன், அறுபது வயதிருக்கும். காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து மண்ணில் வைத்தார். அதன்மேல் தொப்பியை வைத்தார். செருப்பை ஓரமாக விட்டார்.

“எந்தப் பக்கம் சார் இறங்கணும்?”

துரைக்கண்ணுவும் இன்னும் சிலரும் சற்றுத் தள்ளி நின்றார்கள். வேதமுத்து முப்பது வருடமாகக் கேட்டுவந்த கேள்விகளைக் கேட்டார். நீச்சல் தெரியுமா? தெரியாது. பாதுகாப்புக் காலணி? இல்லை. உடம்புக்கு ஏதாவது? சர்க்கரை இருந்தது.

“இறங்கினா எப்ப ஏறுவீங்கன்னு சொன்னாங்களா?”

“அது சொல்லலை சார்.”

“கேட்டீங்களா?”

காத்தவராயன் துரைக்கண்ணு இருந்த பக்கம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

வேதமுத்துவுக்கு ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. இறங்குங்கள் என்று சொன்னால் போதும். அடுத்த ரயிலில் ஜெபமணியோடு உட்கார்ந்திருக்கலாம். அவள் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். பையை மூடியாகிவிட்டது.

“சட்டையப் போடுங்க. உங்களுக்கு நான் அனுமதி தர மாட்டேன்.”

துரைக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்க இறங்கினப்ப அனுமதி இருந்ததா என்று கேட்டார். இல்லை, அதனால்தான் சொல்கிறேன் என்றார் வேதமுத்து.

காத்தவராயன் சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானை மாற்றி மாட்டினார். அன்று பகல் ஜெபமணி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு சாத்துக்குடியை உரித்து, விதையை எடுத்து, சுளைசுளையாக அவர் கையில் வைத்தாள். அவர் தின்றுமுடித்ததும் தன் சேலைத் தலைப்பால் அவர் கையைத் துடைத்தாள்.

மோகனரங்கம் ஒரு வக்கீலைக் கூட்டிவந்தார். வக்கீலுக்குக் குழியின் விளிம்புக்கு வரப் பயம். தள்ளி நின்று உரக்கப் பேசினார். நீதிமன்றம் அசைக்கக் கூடாது என்று சொன்னது ஊழியர் வேதமுத்துவை. ஆனால் குழிக்குள் இருப்பது ஊழியர் என்று யார் சொன்னது? ஹசீனாவின் அறிக்கை அதைச் சுவர் என்கிறது. குடியிருப்போரின் மனு தாங்கு அமைப்பு என்கிறது. ஆகவே நிறுவனமும் அதைத் தற்காலிகத் தாங்கு பொருள் என்று கிடங்குக் கணக்கில் சேர்த்துவிட்டது. பொருளை அசைக்கத் தடை இல்லை. குழியில் ஆளும் இல்லை. வேதமுத்து தாராளமாகக் கையெழுத்துப் போடலாம், பொய்யே கிடையாது.

“பொருள் எப்படிங்க கையெழுத்துப் போடும்?” என்று கேட்டார் வேதமுத்து.

“கான்கிரீட் ஆரம்பிக்கிற நிமிஷத்துலேருந்துதான் நீங்க பொருள். அதுவரைக்கும் ஆபீசர்.”

பொருளுக்குச் சம்பளம் கிடையாது என்பதை மோகனரங்கம் தாழ்ந்த குரலில் சேர்த்துச் சொன்னார். சொல்லும்போது வருத்தமாகத்தான் இருந்தார்.

தாளும் பேனாவும் கைக்கு வந்தன. வேதமுத்து ஜெபமணியைப் பார்த்தார்.

“இத்தனை வீட்டுச் சோறு தின்னிய. ஒருத்தராவது உங்க பேரு என்னன்னு கேட்டாவளா?”

அவர் யோசித்தார். சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டது நீதிமன்றம் மட்டும்தான், உத்தரவில் நிரப்புவதற்காக. திரவம் அவரை மண் என்று நினைத்தது. அதையாவது மன்னிக்கலாம், அதற்குக் கண் இல்லை.

தன் வேலைக்காலத்தில் ஒரு பொய் அனுமதியில்கூட அவர் கையெழுத்துப் போட்டதில்லை. குழியில் ஆள் இல்லை. இது பொய்யா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். பொய்தான் என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை. இந்த இடத்தில்தான் அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. கையெழுத்துப் போட்டார்.

கான்கிரீட் லாரிகள் வரிசையாக வந்து நின்றன. அடியில் என்ன நடக்கிறது என்று மேலே ஒன்றும் தெரியவில்லை. முதலில் திரவம் விளிம்பைத் தாண்டி வாய்க்காலில் வழிந்தது. பிறகு வேதமுத்துவின் வயிறு வெளியே வந்தது. அலைமகள் குடியிருப்பின் பால்கனிகளில் ஆட்கள் சுவரைப் பிடித்தபடி நின்றார்கள். யாரும் கும்பிடவில்லை. இடுப்பு வந்தது. தொடை வந்தது. காலணியிலிருந்து திரவம் நூல் நூலாக நீண்டது. அறுந்தது. மறுபடி ஒட்டப்பார்த்தது. ஹசீனா அதைக் கையால் விலக்கினாள், கைக்குழந்தையின் பிடியிலிருந்து விரலை விடுவிப்பதுபோல.

தரையில் கால் ஊன்றியதும் முதுகு வலித்தது.

விரிசல் திறக்கவில்லை. துரைக்கண்ணு இறங்கி வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். கான்கிரீட் இறுக எத்தனை நாளாகும் என்று ஹசீனாவிடம் விசாரித்தார். வேதமுத்துவைத் தாண்டித்தான் போனார். இடம் குறுகல் என்பதால் கொஞ்சம் நகருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

வேதமுத்துவும் ஜெபமணியும் வாசலுக்கு நடந்தார்கள். அவர் நடை தள்ளாடியது. அவள் தோளைக் கொடுத்தாள். வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார். இன்று காலை உள்ளே வந்தவர்களில் வேதமுத்து என்று யாரும் இல்லை, உள்ளே வராத ஆள் எப்படி வெளியே போவார் என்று கேட்டார். தேடிப்பார்த்ததில், கிடங்குக் கணக்கில் அப்படி ஒரு பொருள் இருந்தது. பொருள் என்றால் வெளியே கொண்டுபோகச் சீட்டு வேண்டும்.

கிடங்கிலிருந்து சீட்டு வந்தது. தற்காலிகத் தாங்கு பொருள், எண்ணிக்கை ஒன்று. பெற்றுக்கொள்பவர் பெயரில் ஜெபமணி என்று இருந்தது. அவள் அதை வரி வரியாகப் படித்தாள். கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வரவேண்டிய பொருளுக்கு ஒன்று, திரும்பி வராத பொருளுக்கு ஒன்று. கிடங்கிலேயே முதல் கட்டத்தில் டிக் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

“இது என்ன?” என்று சீட்டைக் கொண்டுவந்தவரிடம் கேட்டாள்.

“அடுத்த குழி மேற்குப் பக்கம்மா. அங்கயும் ஒட்டி ஒரு பில்டிங் இருக்கு. தேவைப்பட்டா கேப்போம்னு மோகனரங்கம் சார் சொல்லச் சொன்னாரு.”

ஜெபமணி பேனாவை வாங்கினாள். அந்த டிக்கை அழுத்தி அடித்தாள். இரண்டாவது கட்டத்தில் போட்டாள். பக்கத்தில் கையெழுத்திட்டாள்.

செக்யூரிட்டி சீட்டைப் பார்த்தார். வேதமுத்துவைப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. குறுக்குக் கம்பியைத் தூக்கினார்.